மூன்றாவது கை

சந்தை கலைகிற நேரம், ஐந்து யூரோவுக்கு
ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் பூட்டு.
ஒன்பது. ஒன்றுக்கும் திறப்பு இல்லை.
விற்றவன் பெட்டியைச் சும்மா தந்தான்.

இடது கைக்கு ஒரு வேலை: வளைத்த கம்பியைத்
துவாரத்தின் அடியில் கொடுத்து
மெல்லத் திருப்பியபடி இருப்பது,
தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பிடிக்கிற பலம்,
அதற்கு மேல் கூடாது.
வலது கைக்கு ஒரு வேலை: கார் வைப்பரிலிருந்து உருவி
நானே அராவிய கொக்கியால்
உள்ளே படுத்திருக்கும் ஐந்து முள்ளையும்
ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்புவது.
பூட்டைப் பிடிப்பது யார்?

கள்ளனுக்கு இந்தத் தொல்லை இல்லை.
அவனுக்காக ஒரு கதவே முழுதாய் நின்று
பூட்டைப் பிடித்துக் கொடுக்கிறது.

எனக்கு முழங்கால்கள் இருந்தன.
ஆமைப்பூட்டு தன் பெயருக்கேற்ப
மெதுவாய் நழுவிக் கதிரைக்கடியில் போய்க் கிடந்தது.
லாச்சிக்குள் வைத்து இடுப்பால் தள்ளினேன்,
லாச்சி உடைந்தது, பூட்டு அப்படியே.
அரிசி வாளிக்குள் கழுத்தளவு புதைத்தேன்.
சோற்றில் பித்தளை மணக்குது என்றான் நகுலேஸ்.

பிறகு வைஸ் வாங்கினேன்,
மேசை விளிம்பைக் கவ்வும் சின்ன இரும்பு வாய்.
பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி
அதன் பற்களுக்கு உறை போட்டேன்.
பூட்டு மயிரளவும் அசையவில்லை.
மயிரளவும் பேசவில்லை.

எங்கள் வீடு வோவிங்கலில், முதலாம் மாடி.
நான்கு நிமிடத்துக்கொருக்கால் தொங்கு ரயில்
குசினி யன்னலை உரசாமல் உரசிப் போகும்.
மேசை நடுங்கும், மேசையோடு வைஸ்,
வைஸோடு நான். விரல் ஒரு கணம் இளகும்,
நிமிர்ந்து நின்ற முள்ளெல்லாம் படுத்துவிடும்.
ஒருநாள் மூன்று நிமிர்ந்திருந்தது.
ரயிலுக்குள்ளிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி
கை காட்டினாள்.
காட்ட எனக்குக் கை மிச்சமில்லை.

ஞாயிறு தொடக்கம் நானும் நகுலேஸும் கதைப்பதில்லை.
காரணம் ஒரு பில். பில்லைக் கட்டியாயிற்று,
காரணம் மட்டும் மிஞ்சியிருந்தது.
செவ்வாய் பின்னேரம், இரவு வேலைக்கு எழும்பி
ஒரு பக்கம் அமுங்கிய தலையோடு வந்தான்.
ஒன்றும் கேட்காமல் வைஸைத் தளர்த்தினான்.
பூட்டை எடுத்து நீட்டினான், சில்லறை தருவதைப்போல.
"இறுக்கிப் பிடிக்கட்டா?"
"வேண்டாம்."
"அப்ப?"
"விழாமல் பிடி."

பார்சல் பெட்டிகள் தேய்த்த கை,
பெருவிரலில் பிளாஸ்டர்.
கொக்கி தொட்டதும் பூட்டு கொஞ்சம் பின்வாங்கி
அவன் கையோடு திரும்பி வந்தது.
அப்போதுதான் கேட்டது, காதில் இல்லை, நகத்தடியில்,
இரும்பு வாய் இத்தனை நாளும் விழுங்கி வைத்திருந்த
அந்தச் சின்ன டிக்.
இரண்டாவது. நான்காவது. முதலாவது.
மூன்றாவது ஏமாற்றியது,
எழுவதும் தாழ்வதுமாய், சீராய், அவசரமில்லாமல்.
அரை நிமிடம் மல்லுக்கட்டிய பிறகு விளங்கியது
அது முள்ளே இல்லை.
அவன் நாடி.

சொல்லவில்லை. கம்பியை விடாமல்
கொஞ்ச நேரம் அதையே எண்ணினேன்.
ரயில் போனது, மேசை நடுங்கியது.
நாங்கள் மேசையில் இல்லை.

மிச்ச இரண்டும் எப்போது எழும்பின என்று தெரியாது.
உருளை சட்டென்று சுழன்றது, வளையம் துள்ளி
அவன் மணிக்கட்டில் அடித்தது.
"ஆ," என்றான். பிறகு, "இவ்வளவுதானா?"
வளையத்தை அமுக்கி மறுபடி பூட்டினேன்.
"இன்னொருக்கா பிடி."
"பஸ் போயிடும்."
சோற்றுப் பெட்டியைத் தூக்கியவன்
ஒரு சப்பாத்தோடு வாசலில் நின்றான்.
"இன்னும் எத்தனை கிடக்கு?"
"எட்டு. ஒன்று துரு."
"துருவை நாளைக்குப் பாப்பம்."

அவன் போன பிறகு வைஸ் வாயைத் திறந்தபடி இருந்தது.
பாதி எலுமிச்சம்பழத்தை அதில் வைத்து
இறுக்கிப் பிழிந்தேன், தேத்தண்ணிக்கு.
அதற்கு அது நல்ல சாமான்.